பாறைக்குழி மயானம்

“அங்க நிக்காதீங்க. அங்க எங்க மாமா இருக்காருங்க.”

அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை இதுதான். என் வீட்டுக் கொல்லையில், சமையலறைச் சுவரை ஒட்டி நின்று அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். முன்வாசலில் கட்சிக்காரர்களின் சத்தம் அதிகமாக இருந்ததால் பின்பக்கம் வந்திருந்தார். நான் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்தார். துணி காயப்போடும் கயிறு, துவைக்கிற கல், மூடி வைத்த தண்ணீர்க் குடங்கள். அங்கே ஒருவரும் இல்லை. பிறகுதான் தன் காலடியைப் பார்த்தார். அந்த இடத்தில் மண் சற்றே மேடிட்டிருக்கும், தலைமாட்டில் ஒரு கல் இருக்கும், தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவசரமாக விலகினார். விலகிய வேகத்தில் கயிற்றில் கிடந்த என் மாமியாரின் சேலை அவர் முகத்தில் மோதியது. கைப்பேசியில் எதிர்முனைக்காரர் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது.

“ஏம்மா, வெளியில எங்கயும் எடம் இல்லியா?” என்று கேட்டார்.

“எங்கீங்க இருக்குது?” என்றேன்.

அவர் முன்வாசலுக்குப் போய்விட்டார். ஓட்டுக் கேட்கும் கூட்டம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது. கைகூப்பியபடி நானும் கூடப் போனேன். அந்தப் பஞ்சாயத்துத் தேர்தலில் எங்கள் வார்டின் வேட்பாளர் நான். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு என்பதால் காலனியில் பன்னிரண்டாவது வரை படித்த என்னைத் தேடி வந்திருந்தார்கள். அவர் பக்கத்து வார்டில் நின்றார். தோப்பும் டிராக்டரும் உள்ள குடும்பம். எங்கள் அணியில் அவர் சொல்லுக்கு மறு சொல் கிடையாது.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது எங்கள் பஞ்சாயத்து. பேச்செல்லாம் கோயம்புத்தூர்ப் பேச்சு, சர்க்கார் காகிதமெல்லாம் மலையாளம். மேற்கே மழை கொட்டும்போதும் இங்கே காற்று மட்டும்தான் வீசும். தென்னையும் நிலக்கடலையும் காய்கறியும்தான் பிழைப்பு. தோப்பு உள்ளவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அவர்களுக்குச் சொந்த மண்ணில் ஒரு மூலை இருக்கும். எங்கள் காலனியில் வீட்டுக்கு மூன்று சென்ட். வீடு, கழிப்பறை, துவைக்கிற கல் எல்லாம் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் எங்கள் சாவையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் ஓடைப் புறம்போக்கில் புதைத்து வந்தார்களாம். ஓடையைக் கால்வாயாக்கி அதன் கரையில் சாலை போட்டபோது அந்த இடம் போயிற்று. அதன் பிறகு செத்தவர்கள் எங்களோடேயே தங்கிவிட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில், அடுப்புக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் படுத்திருக்கிறார் என்ற நினைப்பிலேயே எனக்குச் சோறு இறங்காது. போகப்போகப் பழகிவிட்டது. எங்களுக்கு அது பழகிப் போனதை நினைத்துத்தான் பின்னாளில் எனக்குக் கோபம் வந்தது.

இரண்டு பேரும் ஜெயித்தோம். அவர் வைஸ் பிரசிடென்ட் ஆனார். பஞ்சாயத்துச் சட்டப்படி வைஸ் பிரசிடென்ட்தான் ஃபைனான்ஸ் கமிட்டியின் தலைவர். வரவு செலவுத் திட்டம் அந்தக் கமிட்டியைத் தாண்டித்தான் பொதுக்கமிட்டிக்கு வரும். பிரசிடென்ட் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர், அதிர்ந்து பேசாதவர். எல்லோரும் அவரை பிரசிடென்ட் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஆனால் ஒரு காசு வெளியே போக வேண்டுமென்றாலும் எல்லோர் கண்ணும் வைஸ் பிரசிடென்ட் பக்கம்தான் திரும்பும்.

அவர் பட்ஜெட் படிக்கும் விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டு, உதடு அசைய ஒவ்வொரு வரியாக வாசிப்பார். மலையாள எழுத்தை எங்களைப் போலவே அவரும் பெரியவரான பிறகுதான் கற்றிருந்தார். அதனால் அவசரப்பட மாட்டார். செக்ரட்டரி பக்கத்தைப் புரட்டப் போனால் கையைத் தாள்மேல் வைத்துத் தடுப்பார். கமிட்டிக்கு வாங்கிய வடைக்கு இவ்வளவு செலவா என்று கேட்டு ஒரு முறை கூட்டத்தையே நிறுத்தி வைத்தார். அவர் எதிரில் வடை சாப்பிடவே எங்களுக்குக் கூச்சமாகிப் போனது.

சர்க்கார் தரும் பணம் பிளான் ஃபண்ட். வீட்டு வரி, லைசென்ஸ் கட்டணம், சந்தைக் குத்தகை என்று பஞ்சாயத்து தானாகச் சம்பாதிப்பதற்கு ‘தனது ஃபண்ட்’ என்று பெயர். பிளான் ஃபண்டில் சாலை போடலாம், கட்டடம் கட்டலாம். அந்தக் கட்டடத்தை நாள்தோறும் நடத்துகிற செலவு தனது ஃபண்டிலிருந்துதான் வர வேண்டும். இந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் அல்ல, நான் கொண்டு வந்த திட்டத்தை அவர் வெட்டித் தள்ளியதுதான்.

முதல் வருடமே எங்கள் வார்டு கிராமசபையில் நான் பொதுச் சுடுகாடு கேட்டுத் தீர்மானம் கொண்டு வந்தேன். கேஸில் எரிக்கிற மயானம், சுற்றுச்சுவர், ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கன்வாடி முற்றம் கொள்ளாத கூட்டம். ஆண்கள் கை தூக்கினார்கள், பெண்கள் கை தூக்கினார்கள். என் மாமியார் மட்டும் தூக்கவில்லை. ஏனென்று கேட்டதற்கு எல்லோரும் கேட்கும்படியாகவே சொன்னார்: “எனக்கு வேண்டாம் சாமி. என்னைய அவரு பக்கத்துலயே வெச்சிருங்க. இந்தப் புள்ளைங்களுக்கு வேணா கட்டிக் குடுங்க.” சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சங்கடமாக இருந்தது. இருந்தாலும் தீர்மானம் நிறைவேறியது.

ஃபைனான்ஸ் கமிட்டியிலிருந்து பட்ஜெட் வெளியே வந்தபோது அதில் சுடுகாடு இல்லை. அந்த இடத்தில் ஒரு தோப்புச் சாலை இருந்தது. பொதுக்கமிட்டியில் எழுந்து நின்று ஏன் என்று கேட்டேன்.

“கட்டறதுக்கு கெவர்மெண்ட் குடுக்கும். ஓட்டறதுக்கு ஆரு குடுப்பாங்க?” என்றார். “கேஸு, கரண்டு, ஆளு சம்பளம், அல்லாம் தனது ஃபண்டுல வரோணும். அது தெருவெளக்குக்கே பத்தறதில்ல.”

“தெருவெளக்கு எரியலீன்னா இருட்டுல நடந்துக்கலாமுங்க. செத்தவங்கள எங்கீங்க கொண்டு போறது?”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல, மெம்பர். கணக்குக்குத்தான் நான் பதில் சொல்ல முடியும்.”

என்னுடைய எதிர்ப்பைக் குறிப்பில் எழுதச் சொன்னேன். செக்ரட்டரி மலையாளத்தில் எழுதினார், வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். சொந்த மண்ணில் சாகிறவருக்கு எங்கள் கஷ்டம் எப்படித் தெரியும் என்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். கணக்கு என்று அவர் சொல்வதெல்லாம் சாக்கு, எங்களுக்குச் செய்ய மனமில்லை, அவ்வளவுதான் என்று அன்று உறுதியாக நம்பினேன். அது முழுக்கத் தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். கூட்டத்தில் நீங்க, மெம்பர் என்று பேசியவர் சாலையில் பார்த்தால் நீ, ஏம்மா என்றுதான் பேசினார். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. குடிக்கிறீங்களா என்று நானும் கேட்டதில்லை.

அடுத்த வருடம் ஐப்பசி மழை எப்போதும் இல்லாதபடி அடித்தது. எதிர்வீட்டு அக்கா மஞ்சள் காமாலையில் இறந்து போனாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அவள் புருஷன் தேங்காய் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். காலையில் கொல்லையில் குழி வெட்ட ஆரம்பித்தார்கள். முழங்கால் ஆழத்திலேயே ஊற்று வந்துவிட்டது. வாளியால் மொண்டு மொண்டு கொட்டினார்கள். கொட்டக் கொட்டத் தண்ணீர் நிறைந்தது. பக்கத்து வீட்டு மண்சுவர் வேறு குழிப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. அண்ணன் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு மண்வெட்டியை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் என் மாமியார் போய் அவர் கையைப் பிடித்தார். “வேண்டாம்டா. தண்ணியில வெச்சா அவ குளுருல கெடப்பா.”

பிரசிடென்ட் டீச்சருக்கு ஃபோன் செய்தேன், பாலக்காட்டில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வைஸ் பிரசிடென்டைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். எந்த வீடு என்று கேட்டார். பிறகு “வர்றேன்” என்றார். சொன்னபடியே ஜீப்பில் வந்தார். பின்னாலேயே ஒரு ஆம்புலன்ஸும் வந்தது. காலனிக்குள் இறங்கவில்லை, சாலையிலேயே மழையில் குடையோடு நின்றார். ஆனால் நாங்கள் அக்காவை ஏற்றிய பிறகு திரும்பிப் போய்விடவும் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஜீப்பை ஓட்டிக்கொண்டு நகரசபை மயானம் வரைக்கும் வந்தார்.

அங்கே வெளியூர்ச் சாவுக்கு அவர்கள் ஊர்ச் சாவெல்லாம் முடிந்த பிறகுதான் இடம். அது அவர்கள் சட்டம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார், உங்கள் பஞ்சாயத்தில் ஸ்மசானம் இல்லையா என்று. இவர், நான் அங்கே வைஸ் பிரசிடென்ட் என்றார், அதைச் சொன்னால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்ற எண்ணத்தில். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். “எந்நால் நிங்ஙளோடல்லே சோதிக்கேண்டது?” என்றார். அப்படியானால் உங்களிடம்தானே கேட்க வேண்டும் என்று அர்த்தம். அவர் குரலில் கிண்டல் இல்லை. கிண்டல் இருந்திருந்தால் இவர் சத்தம் போட்டிருப்பார். கிண்டல் இல்லாததால் ஒன்றும் சொல்ல முடியாமல் வெளியே வந்து சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தார்.

அந்தப் பகல் முழுவதும் அங்கேயே இருந்தோம். அண்ணன் ஆம்புலன்ஸ் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தார், உடம்பில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. நகரத்துச் சாவுகள் பூவும் மேளமுமாக வந்து எங்களைத் தாண்டி உள்ளே போயின. வைஸ் பிரசிடென்ட் எதிர்க்கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். அண்ணனுக்குத் தானே கொண்டு போய்க் கொடுத்தார். அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. மழை விட்டு மஞ்சள் வெயில் அடித்த நேரத்தில்தான் எங்கள் முறை வந்தது.

திரும்பும்போது ஜீப்பில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் ஏறினோம். பாதி வழியில் அவர் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். “நம்ம சனங்க அடுத்தவன் வாசல்ல போய் நிக்க வேண்டியதாப் போச்சு.”

நம்ம சனங்க என்று அவர் எங்களைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பல நாள் அதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவரை அசைத்தது இரக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக் கொல்லையில் அவர் காலடியில் கிடந்தது அவரை அசைக்கவில்லை. அங்கே, வேற்றூர் அலுவலகத்தில், தன் பதவியைச் சொல்லிவிட்டுப் பதில் இல்லாமல் நின்றாரே, அந்த ரோஷம்தான் அசைத்தது. எதுவாக இருந்தால் என்ன? எங்களுக்கு வேண்டியது சுடுகாடு.

அந்த முறை பட்ஜெட்டில் சுடுகாடு வந்தது. அவரே தன் கையால் எழுதிச் சேர்த்திருந்தார். ஆனால் எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்ததும் கமிட்டி ஹாலே மாறிப் போனது. சுடுகாடு வேண்டாம் என்று ஒரு மெம்பர்கூடச் சொல்லவில்லை. என் வார்டில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஒருவர் வார்டில் கோயில் இருந்தது, இன்னொருவர் வார்டில் பள்ளிக்கூடம் இருந்தது, மூன்றாமவர் வார்டில் குடிதண்ணீர்த் தொட்டி இருந்தது. எல்லாம் உண்மைதான். எங்கள் காலனியை ஒட்டியோ ஒரு முழம்கூடப் பொது நிலம் இல்லை. வீடுகளிலிருந்தும் கிணறுகளிலிருந்தும் இத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி வேறு. செக்ரட்டரி வரைபடத்தை விரித்து ஒவ்வொரு புறம்போக்காக விரலை வைத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆட்சேபம் எழுந்தது.

“பாறைக்குழிய எழுதுங்க” என்றார் வைஸ் பிரசிடென்ட்.

அது அவருடைய வார்டில் இருந்தது. எப்போதோ கல் உடைத்துக் கைவிட்ட குழி, சுற்றிலும் முள்காடு. ஒரு பக்கம் அவருடைய தோப்பு, மறுபக்கம் அவர் தம்பியின் தோப்பு. எல்லோரும் வரைபடத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஓட்டெடுப்பு என்று பிரசிடென்ட் டீச்சர் ஒத்தி வைத்தார்.

இடையில் ஒருநாள் தம்பி பஞ்சாயத்து ஆபீசுக்கே வந்துவிட்டார். நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. “ஏண்ணா, தோப்புக்குப் பக்கத்துல பொணம் எரிச்சா நம்ம தேங்காய எவன் வாங்குவான்?” என்று கத்தினார்.

“பொகை எங்கிருந்து வருதுன்னு தேங்காய்க்குத் தெரியாதுடா.”

“எடத்த நாளைக்கு எவன் வெலைக்குக் கேப்பான்?”

“விக்கிறதுக்கா அப்பன் வெச்சுட்டுப் போனாரு?”

தம்பி வாசல்வரை போய்த் திரும்பினார். “இனி உனக்கு இந்த வார்டுல ஓட்டு இல்லண்ணா. என்ற ஊட்டுல சோறும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். வைஸ் பிரசிடென்ட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கையிலிருந்த பில்லைத் தொடர்ந்து படித்தார். தாள் மட்டும் ஒரே பக்கத்தில் வெகுநேரம் நின்றது.

ஓட்டெடுப்பு அன்று நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பொருளை எடுத்ததுமே அவர் எழுந்தார். “என்ற தோப்பு அந்த எடத்த ஒட்டி இருக்குது. நான் இதுல ஓட்டுப் போட்டா நாளைக்கு கோர்ட்டுல கேஸு போட்டுப் போடுவாங்க. அத எழுதிக்கோங்க. நான் வெளிய இருக்கறனுங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அவர் ஓட்டு இல்லாமல் தீர்மானம் நிற்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நல்ல பெயரும் எடுத்துக்கொண்டு நழுவவும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கை தூக்கச் சொன்னார்கள். ஆதரித்தும் எதிர்த்தும் சமமாக வந்தது. சம ஓட்டு வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. எல்லோரும் பிரசிடென்ட் டீச்சரைப் பார்த்தோம். பார்லிமெண்டுத் தேர்தல் வரப்போகிறது, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று கட்சியில் அவரிடம் சொல்லியிருந்தது எங்களுக்குத் தெரியும். அவர் மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு, “என்னோட ரெண்டாவது ஓட்டும் ஆதரவாத்தான். செக்ரட்டரி, எழுதுங்க” என்றார். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதச் சொல்வது போன்ற குரல்.

நான் வெளியே ஓடினேன். அவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நின்னுச்சா?” என்றார்.

“நின்னுச்சுங்க.”

“ம். கேஸு அடுப்புக்கு டெண்டர் வெக்கறப்ப வெலைய எச்சாப் போடுவாங்க. பாத்துக்கோணும்.” இவ்வளவுதான் சொன்னார்.

அவர் பயந்தபடியே தம்பி நீதிமன்றத்துக்குப் போனார். வைஸ் பிரசிடென்ட் தன் நிலத்தை ஒட்டிய விஷயத்தில் தானே முடிவெடுத்தார் என்று வழக்கு. நிலம் ஒட்டியுள்ளவர் ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை என்று தெரிந்ததும் அந்த வழக்கு நிற்கவில்லை. அன்று கதவைச் சாத்திக்கொண்டு அவர் வெளியே போனதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மயானம் கட்டி முடித்துத் திறந்தோம். முதல் மழைக்காலத்திலேயே கேஸ் தீர்ந்து போய், புதிது வாங்கத் தனது ஃபண்டில் பணம் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. கட்டுவது லேசு, ஓட்டுவது யார் என்று அவர் கேட்ட கேள்வி என் முன்னால் பூட்டாகத் தொங்கியது. அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சந்தைக் குத்தகையில் ஒரு பங்கை மயானத்துக்கென்று ஒதுக்கி வைக்கவும், வசதி உள்ளவர்களிடம் கட்டணம் வாங்கவும், காலனிக்காரர்களுக்கு இலவசமாகச் செய்யவும் ஒரு ஏற்பாட்டைக் கமிட்டியில் வைத்தார். கட்டணம் எவ்வளவு என்பதில் இரண்டு கூட்டம் சண்டை நடந்தது. பிறகு பூட்டு திறந்தது, மறுபடி பூட்டியதே இல்லை.

அதோடு சேர்த்து இன்னொரு தீர்மானமும் போட்டோம். இனி யாரும் வீட்டுக் கொல்லையில் புதைக்கக் கூடாது. அதற்கு நானும்தான் கை தூக்கினேன். அடுத்த ஆண்டு என் மாமியார் இறந்தபோது அந்தக் கை எனக்குக் கனத்தது. அவரு பக்கத்துலயே வெச்சிருங்க என்று ஊர் கேட்கச் சொன்னவர். என் கணவர் என்னையே பார்த்தார். மெம்பர் வீட்டுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம் என்று ஆகிவிடக் கூடாது என்று அவருக்கும் தெரியும். பாறைக்குழிக்குத்தான் கொண்டு போனோம். வெயில் நல்ல நாள், வழி சுத்தமாக இருந்தது, யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைப்பதற்கு முன் என் கணவர் ஒரு கைப்பிடி எடுத்து வந்து, மாமனார் தலைமாட்டுக் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறி வைத்து மூடினார். சட்டத்தில் அதற்குத் தடை இருந்ததா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

அடுத்த தேர்தலில் வைஸ் பிரசிடென்ட் தோற்றார். அவர் வார்டில் சுடுகாட்டுக்காரர் என்றே அவருக்குப் பெயர் விழுந்திருந்தது. எங்கள் வார்டு பொது வார்டாக மாறியதால் எனக்கும் யாரும் சீட்டுத் தரவில்லை. இப்போது நான் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். ஐந்து வருடம் என்னை மெம்பர் என்று கூப்பிட்ட வாய்கள் கொஞ்ச நாளிலேயே பழைய பேச்சுக்குத் திரும்பிவிட்டன. அவர் தன் தோப்போடு இருந்தார். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. எவன் வாங்குவான் என்று கேட்ட தம்பி, தன் தோப்பை வெட்டிச் சமன்படுத்தி வீட்டுமனைகளாகப் போட்டார். விலை கொஞ்சம் குறைவு என்பதால் வாங்க ஆள் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தவர்கள் புது வீடுகள் கட்டிக் குடியேறினார்கள்.

சமீபத்தில் வார்டுகளை மறுபடி பிரித்தார்கள். எங்கள் காலனியும் பாறைக்குழியும் அந்தப் புது வீடுகளும் ஒரே வார்டில் வந்துவிட்டன. இந்த வருடக் கிராமசபையில் புது வீட்டுக்காரர்கள் ஒரு மனு கொடுத்தார்கள். மயானத்தை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கைக்குழந்தையோடு வந்திருந்த ஓர் இளம்பெண் எழுந்து, காற்று இந்தப் பக்கம் திரும்பினால் குழந்தையின் துணியெல்லாம் புகை வாடை அடிக்கிறது என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே குழந்தையின் சட்டையை முகர்ந்து பார்த்தாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பார்க்கவும் எனக்குக் கோபம் வரவில்லை, அடுப்படியில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த புதுப்பெண்ணின் முகம் அது. தம்பி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். புது மெம்பர், விவரம் தெரியாத இளைஞர், மனுவை ஏற்றுத் தீர்மானமாக எழுதிவிடலாமா என்று பொதுவாகக் கேட்டார்.

கடைசி வரிசையிலிருந்து பழைய வைஸ் பிரசிடென்ட் எழுந்தார். நன்றாகத் தளர்ந்திருந்தார், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

“மாத்தலாமுங்க. எங்கன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். “நாங்க அன்னைக்கு இந்தப் பஞ்சாயத்துல ஒவ்வொரு எடமாப் பாத்தோம். மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். இதையும் மூடிப் போட்டா அந்தக் காலனிக்காரங்க மறுக்கா ஊட்டுக்குள்ளதான் பொதைக்கோணும். நீங்க மனை வாங்கறப்ப அது அங்க இருந்துதுங்களா இல்லீங்களா?”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இளம்பெண்ணின் முகம் வாடிப் போனதை நான் பார்த்தேன். இப்படியே விட்டால் அவளுக்குத் தோற்ற கசப்பு மிஞ்சும், அடுத்த மனு இதைவிடப் பெரிதாக வரும் என்று தோன்றியது. நானும் எழுந்தேன். மயானம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், புகைபோக்கியை இன்னும் உயர்த்தி, புகையை வடிகட்டுகிற கருவி வைத்து, சுற்றிலும் மரம் வைக்கத் திட்டம் எழுதச் சொல்லலாம் என்றேன்.

“பிளான் ஃபண்டுல எழுதுங்க. தனது ஃபண்டத் தொட வேண்டாம்” என்று கடைசி வரிசைக் குரல் உடனே வந்தது. கூட்டம் சிரித்தது. தம்பிகூடக் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். கை தூக்கச் சொன்னபோது காலனிக்காரர்கள் தூக்கினார்கள், தோப்புக்காரர்களில் பலர் தூக்கினார்கள். அந்தப் பெண் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு வலது கையைத் தயங்கித் தயங்கித் தூக்கினாள்.

கூட்டம் கலைந்து வெளியே வந்தோம். அவர் படியில் நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் கண்டு எடுத்து நகர்த்தி வைக்கப் போனேன். “வேண்டாமுங்க, நானே போட்டுக்கறேன்” என்று தடுத்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்து மெல்லப் போட்டுக்கொண்டார்.

“அடுத்த வருசமும் மனு கொண்டாருவாங்க மெம்பர்” என்றார்.

“கொண்டாரட்டுங்க.”

“நான் இருக்கறனோ இல்லியோ. நீங்க வந்துருங்க.”

வர்றேன் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தார். எனக்கு அங்கன்வாடிக்குத் திரும்ப நேரமாகியிருந்தது.